தரை மூச்சுவிட்ட தெரு

முதல் குளிர் இறங்கி, சனங்கள் யன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தி, விளிம்புகளுக்குப் பிளாஸ்டிக் தாளும் ஒட்டி முடித்த கிழமையில்தான், டொரோண்டோவுக்குக் கிழக்கே இருந்த அந்த வளைவுத் தெருவின் நிலக்கீழ் அறைகளில் தரை மூச்சுவிடத் தொடங்கியது. முழங்கிக்கொண்டு அல்ல, படுத்துக் கிடக்கும் பசுமாட்டின் விலா ஏறி இறங்குவதைப் போல, கொங்கிறீட் மெல்ல ஒரு விரல்கடை உயர்ந்து, கொஞ்சம் நின்று, பிறகு தணிந்து, தணியும்போது சுவரோரத்து வெடிப்புகளுக்குள்ளால் காற்றை விட்டது. அந்தக் காற்றுக்கு மணம் இருக்கவில்லை, நிறம் இருக்கவில்லை, இருக்கிறது என்று கைநீட்டிக் காட்ட ஒன்றுமே இருக்கவில்லை.

கீழே இருந்தவர்கள் மேலே வந்து சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு இறங்கிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் கம்பளம் விரித்தார்கள். ஒரு தெருவே சேர்ந்து ஓர் அதிசயத்தின் மேல் கம்பளம் விரித்துவிட முடியுமா என்று கேட்டால், முடியும். கம்பளத்தின் மேல் படுப்பவர் வேறு ஆளாக இருந்தால் இன்னும் சுலபமாக முடியும். பூமாதேவி அசைகிறாள் என்றார்கள் சிலர், பனி கரைந்தால் தானாக அடங்கும் என்றார்கள் சிலர், கட்டினவன் சீமெந்தில் செய்த சுத்துமாத்து என்றார்கள் மற்றவர்கள். கீழே இருந்தவர்களோ கட்டில் கால்களுக்குச் சாக்குத் துண்டு கட்டினார்கள், தரை தணியும்வரை பொறுத்திருந்து சோறு வடித்தார்கள், கைக்குழந்தைகளை வெறுந்தரையில் கிடத்தினால் ஆட்டாமலே தூங்குகின்றன என்று கண்டுபிடித்தார்கள். படிக்க வந்த பெடியன் ஒருவன், "எங்கட வீட்டுக்காரர் தாலாட்டுறதுக்கும் ஆள் வச்சிருக்கிறார்" என்று ஊரில் இருந்த தாய்க்கு வீடியோ அழைப்பில் பகிடி விட்டான். தாய் சிரிக்கவில்லை. தொலைவில் இருக்கிறவர்களுக்குத்தான் சில விசயங்கள் கிட்டத் தெரிகின்றன.

இதில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தத் தெருவில் நிலக்கீழ் அறைகளை வாடகைக்கு விட அனுமதி கிடையாது. காகிதத்தில் அவை எல்லாம் பழைய சூட்கேசுகளும் பெரிய சமையல் கிடாரங்களும் வைக்கிற இடங்கள். அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராமல் காத்திருந்தவர்களும், பகலில் படித்து இரவில் பேக்கரியில் நின்றவர்களும், ஒரு சூட்கேசுக்கும் ஒரு கிடாரத்துக்கும் நடுவில் காகிதத்தில் இல்லாமல் வாழ்ந்தார்கள். இல்லாத ஆட்கள் இல்லாத காற்றை இழுத்தார்கள் என்றால், யார் போய் யாரிடம் முறையிடுவது?

தவமலரின் வீடு தெருவின் நடுவில், இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளோடு சுவர் ஒட்டி இருந்தது. கணவர் பரராசசிங்கம் பாரவண்டி ஓடுகிறவர், கல்கரிக்குப் போய்வர ஒரு கிழமை எடுக்கும். கீழே சுடர்மதியும் அவளுடைய நாலு வயது மகள் இயலினியும் இருந்தார்கள். தவமலர் கெட்டவள் இல்லை. பருப்பு வடை சுட்டால் கீழே கொடுக்காமல் தின்னமாட்டாள், இயலினிக்குத் தலைவாரி இழுத்துவிடுவாள், படியால் இறங்கும்போது மட்டும் ஒரு நாளும் தரையைப் பார்க்கமாட்டாள். பார்க்காமல் இருப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அது இருந்தது.

குளிர் ஏற ஏறத் தரையின் மூச்சும் ஆழமானது. அந்த நேரம் பார்த்து, அயலில் நடந்த சுகாதார முகாம் ஒன்றில், ரேடன் என்ற வாயு நிலத்துக்குள்ளிருந்து வீடுகளுக்குள் ஏறி நுரையீரலில் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று விளங்கப்படுத்தி, வீட்டுக்கு ஒன்றாய் அளக்கும் பெட்டி கொடுத்தார்கள். உள்ளங்கை அளவான வெள்ளைப் பெட்டி. முகத்தில் எண்கள் ஓடும். தெருச் சங்கத்தின் தலைவர் நவரத்தினம் மாஸ்டர் தன் கையாலேயே எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆட்கள் வசிக்கும் ஆகக் கீழான தளத்தில் வைக்கவும் என்று பெட்டியோடு வந்த தாளில் தமிழிலேயே எழுதியிருந்தது. எல்லோரும் வாசித்தார்கள். வாசித்துவிட்டு, ஒரு வீடு தவறாமல், சாமியறையில் வைத்தார்கள்.

ஏன் என்றால், புதிதாக வீட்டுக்கு வருகிற பெறுமதியான சாமான் எதுவும் முதலில் சாமியறைக்குத்தான் போகும். புதுக் காரின் திறப்புக்கொத்தும் போகும், பரீட்சை அனுமதி அட்டையும் போகும், உயிரைக் காக்க வந்த பெட்டி மட்டும் கீழே உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்திலா கிடக்கும்? அதோடு, கீழே வைத்தால் கீழே ஆள் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தவமலரும் பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில் தன் பெட்டியை வைத்துச் சந்தனப் பொட்டு இட்டாள், காற்றுப் போகிற துளைகளைப் பார்த்துக் கவனமாக விலத்தித்தான் இட்டாள். எல்லா வீட்டிலும் சிறிய எண்களே வந்தன. "எங்கட சனத்துக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்று கூட்டத்தில் மாஸ்டர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் கீழே இருக்கிற ஒருவரும் இல்லை, அவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

பிறகு தை மாதக் கடுங்குளிரில் தரை மூச்சைப் பிடித்து வைக்கப் பழகியது. உயர்ந்தால் உயர்ந்தபடி நிற்கும், நெடுநேரம் நிற்கும், பிறகு மனமில்லாமல் இறங்கும். அடுத்த வீட்டுப் புஸ்பராணியின் நிலக்கீழ் அறையில் இருந்த டாக்சிக்கார மேகநாதன் ஒரு பகல் படுத்தவன் எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தபடி, பலூனைப்போல விம்மிக் கிடந்தான் என்று தூக்கினவர்கள் சொன்னதை ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. செத்தவீட்டில் மேகநாதனை எல்லோரும் நல்லவன் என்றார்கள், எங்கே குடியிருந்தவன் என்று மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை.

செத்தவீடு முடிந்து வந்த மத்தியானம் தவமலர் கீழே இறங்கினாள். சுடர்மதி சமையல் மூலையில் நின்றாள். இயலினி கம்பளத்தில் நித்திரை. அன்றைக்குத்தான் தவமலர் தரையைப் பார்த்தாள். தரை உயர்ந்தது, பிள்ளையின் நெஞ்சும் உயர்ந்தது. தரை நின்றது, பிள்ளையும் நின்றாள். உதடு மெல்ல நீலம் பாய்ந்தது, கண்ணிமை அசையவில்லை, தவமலர் மனதுக்குள் ஒரு தேவாரத்தைத் தொடங்கி முடித்தும் மூச்சு நின்றபடியே நின்றது. பிறகு தரை இறங்க, பிள்ளையும் இறங்கினாள்.

"பிள்ளை, இதென்ன இது?"

"எப்பவும் இப்பிடித்தான் அன்ரி," என்றாள் சுடர்மதி, கரண்டியைக் கீழே வைக்காமலே. "டொக்டரிட்டைக் காட்டினனான். நெஞ்சு சுத்தமா இருக்கு எண்டார். வெளியில கூட்டிக்கொண்டு போனாலும் இப்பிடித்தான். கடையில நிண்டாலும் தரை நிக்கிற நேரம் நிக்கிறாள். பஸ்சில ஒரு மனிசி கத்திப்போட்டுது, பிள்ளை செத்துப்போச்சுதெண்டு."

"எனக்கேன் சொல்லேல்லை?"

சுடர்மதி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "சொன்னனான் அன்ரி. நீங்கள் கம்பளம் வாங்கித் தந்தனீங்கள்."

தவமலர் மேலே போய், சாமியறையில் இருந்த பெட்டியை எடுத்து, பொட்டை அழித்து, கீழே கொண்டுவந்து வைத்தாள். எண்கள் ஏறின, பார்த்துக்கொண்டிருக்க ஏறின, ஏறி, எழுத இடமில்லாததுபோல் சிவப்பாகி நின்றன. அவள் படிப்பில்லாதவள் இல்லை, ஊரில் கணக்குப் படிப்பித்தவள். வாசிக்கத் தெரியாமல் நடந்த பிழையாக இருந்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள்.

அயலில் இருந்த மாதா கோயிலுக்கு, ரேடனை வெளியேற்றும் குழாய் போட்ட ரெஜியை அவள் கூப்பிட்டாள். ஊரில் பாசையூர்க்காரன், ஓயாமல் கதைப்பான், வந்ததும் வராததுமாகத் தரையில் காதை வைத்துப் படுத்தவன், எழும்பும்போது சிலுவை போட்டுக்கொண்டு எழும்பினான்.

"அக்கா, நான் செய்யிறது சின்ன வேலை. தரையில ஒரு ஓட்டை, ஓட்டையில ஒரு குழாய். குழாய் நேர மேலை போய்க் கூரைக்கு வெளியில தலையை நீட்டும். பரணுக்குள்ள ஒரு விசிறி இருந்து, தரைக்குக் கீழ இருக்கிற காத்தை இழுத்து வானத்துக்கு விடும். வீட்டுக்குள்ள வரமுதல் வெளியில போயிடும். ஆனா ரெண்டு பக்கமும் ஒட்டுச் சுவர், பின்னுக்கு விட்டால் யன்னலுக்குள்ளால திரும்பி வரும். நேர மேலை போறதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு." கையை உயர்த்திக் காட்டினான். "இதுக்கு நேர மேலை என்ன இருக்கு?"

நேர மேலே சாமியறை இருந்தது.

அன்றிரவு விசயத்தைக் கேட்ட பரராசசிங்கம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "தவம், உனக்கென்ன விசரே? சாமியறைக்குள்ளால கக்கூஸ் குழாய் மாதிரி ஒண்டோ?"

"பிள்ளையாருக்குப் பின்னாலதான் போகும். ஆருக்கும் தெரியாது."

"பிள்ளையாருக்குத் தெரியுமெல்லே."

"அப்ப கீழை நடக்கிறதும் அவருக்குத் தெரியுமெல்லே?"

அவர் கோப்பையை மறுபடி கிட்ட இழுத்தார். சாமியைச் சொல்லித் தப்பமுடியாது என்று தெரிந்தபிறகு உண்மைக் காரணத்துக்கு வந்தார். "கூரையில குழாய் முளைச்சால் என்ன அர்த்தம் எண்டு தெரியுமே உனக்கு? இஞ்ச கீழை ஆக்கள் இருக்கினம் எண்டு கொடி ஏத்தின மாதிரி. தெருவில ஒருத்தரும் போடேல்லை. நாங்கள் போட்டால் நகரசபையால சிற்றிக்காரன் முதல் இஞ்சதான் வந்து தட்டுவான், பிறகு எல்லா வீட்டையும் தட்டுவான். எல்லாற்ர வாயிலையும் விழவேணும்."

"இருக்கினம்தானே."

"இருக்கினம். ஆனா இருக்கினம் எண்டு இல்லை."

"இஞ்சாருங்கோ, மேகநாதனும் இருந்தான் எண்டு இல்லைத்தான். இல்லாதவன் எப்பிடிச் செத்தவன்?"

"நான் கல்கரியால வந்து கதைப்பம்" என்றார். அவருடைய வாகனம் தெருமுனையில் திரும்பியதும் தவமலர் ரெஜிக்குப் போன் அடித்தாள்.

ரெஜி மேலிருந்து கீழே வேலை செய்தான். கூரையைத் துளைத்தான், பரணில் விசிறியைப் பூட்டினான், மாடித் தரையைத் துளைத்தான். சாமிகளைத் தவமலர் தானே ஒவ்வொன்றாகத் தூக்கி, வரவேற்பறைச் சோபாவில் வரிசையாக இருத்தி, பட்டுச் சேலையால் போர்த்தினாள். பிள்ளையார் மடியில் தூங்குகிற பிள்ளையைப்போலக் கனத்தார். வெள்ளைக் குழாய் சாமியறைக்குள்ளால் இறங்கிக் கீழே வந்து, தரைக்கு ஒரு சாண் மேலே வாயைத் திறந்தபடி நின்றது. விசிறியை இயக்கும் சுவிட்ச் சாமியறைச் சுவரில் இருந்தது. ஓட்டை மட்டும்தான் மிச்சம்.

ரெஜி துளைக்கிற மெசினைக் கையில் எடுத்தபோது, சுடர்மதி வந்து அந்த இடத்தில் காலை வைத்தாள்.

"அண்ணை, தரை நிண்டால் இவளும் நிண்டிடுவாளோ?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லாருக்கும் அது வந்திருந்தது, தொண்டையில் இருத்தி வைத்திருந்தார்கள். ரெஜி மெசினை மடியில் வைத்துக்கொண்டான்.

"தெரியாது தங்கச்சி. நான் போட்ட ஒரு வீட்டிலையும் தரை மூச்சு விட்டதில்லை."

"அப்ப விடுவம்," என்றாள் தவமலர். "விடுவம் பிள்ளை. வேற ஏதும் வழி பாப்பம்."

சுடர்மதி சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "நல்லா இருக்கு அன்ரி உங்கட கதை. இவ்வளவு நாளும் பயமில்லாமல் இருந்தனீங்கள், எனக்குப் பயம் வந்த உடனை உங்களுக்கும் வந்திட்டுதோ?" பிறகு குரல் இறங்கியது. "இது ஒரு நாளைக்குத் தானா நிக்கும். மேகநாதன் அண்ணைக்கு நிண்ட மாதிரி. அண்டைக்கு நான் பேக்கரியில மா குழைச்சுக்கொண்டு நிப்பன். இண்டைக்கெண்டால் பக்கத்தில நிக்கிறன். போடுங்கோ அண்ணை." காலை எடுத்தாள், மகளை மடியில் தூக்கிப் படியில் இருந்தாள்.

மெசின் இரைந்தது. கொங்கிறீட் தூள் பறந்தது. துளை கீழ்மண்ணைத் தொட்ட கணத்தில் தரை விறைத்தது. ஊசி குத்தப்பட்ட தோலைப்போல ஒருமுறை சிலிர்த்து, பிறகு இழுக்கத் தொடங்கியது. முன் ஒருநாளும் இழுக்காத மூச்சு அது. கம்பளம் எழும்பியது, கட்டில் எழும்பியது, அலுமாரிக் கதவுகள் தாமாகத் திறந்தன, சுவர்கள் முனகின, தவமலரின் தலை மேற்கூரையை நெருங்கியது. பிறகு எல்லாம் நின்றது. மடியில் இயலினி நெஞ்சு விம்ம, கண் திறந்தபடி நின்றாள்.

"சுவிட்ச்!" என்று ரெஜி குழாயின் கடைசித் துண்டைப் பொருத்திக்கொண்டே கத்தினான். "அக்கா, ஓடுங்கோ! சுவிட்ச்!"

தவமலர் ஓடினாள். படிகள் சரிந்திருந்தன, கையாலும் காலாலும் ஏறினாள். சோபாவில் சாமிகள் சேலையால் மூடியபடி இருந்தார்கள், அவள் அவர்களைப் பார்க்கவில்லை. சுவரைத் தடவி அழுத்தினாள்.

குழாய் நடுங்கியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு அதற்குள்ளால் எதுவோ ஏறத் தொடங்கியது, இத்தனை காலமும் அந்தத் தெரு கம்பளத்தால் மூடியது எல்லாம் ஒரே பெருமூச்சாக அவளுடைய சாமியறையைக் கடந்து, மாடியைக் கடந்து, பரணைக் கடந்து, வானத்துக்குப் போனது, போய்க்கொண்டே இருந்தது. காலடியில் வீடு மெல்ல மெல்ல இறங்கிவந்து அமர்ந்தது. அமைதியானது.

கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

தவமலர் படியின் தலையில் நின்றாள். இறங்கினால் பார்க்கவேண்டும். இவ்வளவு காலமும் பார்க்காமல் இறங்கிய படி அது. இப்போது முதல் படியில் கால் வைக்கவே பயந்தாள். கெட்டியாகக் கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு படி இறங்கினாள். இன்னொன்று.

ஒரு இருமல் கேட்டது. பிறகு தும்மல், பிறகு வீட்டை இரண்டாக்குகிற அழுகை.

"அன்ரி!" என்று சுடர்மதி கத்தினாள், சிரித்தாளா அழுதாளா என்று பிரிக்கமுடியாத குரலில். "பிழைபிழையா மூச்சு விடுறாள் அன்ரி! வந்து பாருங்கோ, ஒண்டும் ஒழுங்கில்லை!"

தரை, எந்த வீட்டிலும் தரை கிடக்கிற மாதிரிச் செத்துக் கிடந்தது. அதன்மேல் பிள்ளை மூக்கொழுக, விக்கி விக்கி, தன்பாட்டுக்கு இழுத்துத் தன்பாட்டுக்கு விட்டாள்.

கடுங்குளிரில் கூரைக் குழாயிலிருந்து பனிமூட்டம்போல வெள்ளைப் புகார் எழும்பியது, தெருமுனையில் இருந்தே தெரிந்தது. பரராசசிங்கம் கல்கரியால் திரும்பி, வாகனத்தை நிறுத்தி, தலையை உயர்த்திப் பார்த்தபடி தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, தெருவே அவருக்கு முன்னமே வந்து வரவேற்பறையில் நின்றது. மாஸ்டர் நின்றார், புஸ்பராணி நின்றாள், வீட்டுக்கு ஓராள் நின்றார்கள்.

"தம்பி பரம், நீர் இல்லாத நேரம் நடந்தது எண்டு தெரியும்," என்றார் மாஸ்டர். "ஆனா உங்கட குழாய் இழுக்கிற இழுவையில எங்கட தரையெல்லாம் துள்ளுது."

"என்ர வீட்டில புதுசா வந்த பெடியன் கட்டிலோட எழும்பி விழுந்தவன்," என்றாள் புஸ்பராணி.

"எந்தப் பெடியன், புஸ்பா அக்கா?" என்று கேட்டாள் தவமலர். "உங்கட வீட்டில கீழை ஒருத்தரும் இல்லையே."

"வாய் காட்டாதை தவம். இந்தப் புகாரைச் சிற்றிக்காரன் கண்டால் உன்ர வீடு மட்டுமே போகும்?"

"கண்டால் வரட்டும், எல்லா வீட்டுக்கும் போடவைக்கட்டும். துள்ளுற தரையிலயும் ஆக்கள்தான் படுத்திருக்கினம்."

"சட்டம் கதைக்கிறா," என்று பின்னால் ஒருவர் சொன்னார். "சாமியைத் தூக்கிச் சோபாவில இருத்தினவ சட்டம் கதைக்கிறா!"

"நிப்பாட்டுறது லேசு," என்றாள் தவமலர். "நிப்பாட்டிப்போட்டு இண்டைக்கு ஆர் இந்தப் பிள்ளையோட கீழை படுக்கப் போறியள்? மாஸ்டர், நீங்களோ? பாய் போட்டுத் தாறன்."

மாஸ்டர் பரராசசிங்கத்தைப் பார்த்தார். எல்லோரும் பரராசசிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் களைத்திருந்தார், கண்ணுக்குள் இன்னும் வீதி ஓடிக்கொண்டிருந்தது, தெருவோடு பகைத்துக்கொண்டு வாழ்கிற துணிவு அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், வரவேற்பறையோடு ஒட்டிய சாமியறைக்குள் போய்ச் சுவிட்சில் விரலை வைத்தார். சோபாவின் மூலையில், சுடர்மதியின் மடியில், இயலினி வாய் பிளந்து நித்திரையாகிவிட்டிருந்தாள்.

"சரி," என்றார் பரராசசிங்கம், தவமலரைப் பார்க்காமல். "ஊரோட ஒத்துப்போவம். எல்லாரும் ஒருவாய்ச் சொல்லாச் சொல்லுங்கோ. நிப்பாட்டட்டோ?"

சொல்வதற்காக எல்லோரும் மூச்சை இழுத்தார்கள்.

ஒரே நேரத்தில் இழுத்தார்கள். ஒட்டுச் சுவர்களுக்கு அப்பால், இடமும் வலமும், தெரு முழுக்க, தரைகள் உயர்ந்து நின்றன. அத்தனை நெஞ்சுகளும் உயர்ந்து நின்றன. மாஸ்டரின் வாய் திறந்திருந்தது. புஸ்பராணியின் கை பாதியில் நின்றது. காற்று படிக்கட்டோடு நின்றுவிடும், மேலே இருக்கிறவருக்கு ஏறிவராது என்று அவர்களுக்கு யார் சொன்னது? பரராசசிங்கம் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குப் பார்த்தார். உதடுகள் நீலம் பாய்வதைப் பார்த்தார். விரலைச் சுவிட்சிலிருந்து எடுத்து, சூடு பட்டதைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆட்கள் நிறைந்த அந்த அறையில் பிள்ளையின் மூக்கடைத்த மூச்சும், அவருடையதும், மடியில் வைத்திருந்தவளுடையதும், தவமலருடையதும் என, தரை அடங்கிய அந்த வீட்டு மூச்சுகள் மட்டும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், கேட்டுக்கொண்டிருந்தன. மற்ற எல்லோரும் கண்களை அகல விரித்தபடி, சொல்ல வந்த ஒரே சொல்லை வாய்க்குள் வைத்தபடி நின்றார்கள். நிப்பாட்டு என்று சொல்வதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.